அன்றாட வேலையும் தியானமும்

இவ்வாண்டு மலருக்குத் தியானத்தைப் பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க் குழுத் தம்பிமார் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அடியேன் யோகம் பயின்றவன் அல்லன். அரசாங்கத்தில் 34 வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் முழங்கால் என்னோடு வழக்குப் பேசத் தொடங்கிவிடும். “ஐயா, உங்களுக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்” என்றார்கள். எனக்குத் தெரிந்தது நான் செய்த ஒரு பிழையும், அதனால் யோசிக்க நேர்ந்த சில விடயங்களுமே ஆகும். அவற்றையே எழுதுகின்றேன்.

தியானம் என்றவுடன் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, அமைதியான ஓர் இடத்தில் தனியே அமர்ந்திருப்பதே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. நம் தோட்டங்களில் அப்படி அமர யாருக்கு நேரமும் இடமும் உண்டு? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் வைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க வேண்டிய ஒரு தாய்க்கு, பத்து அடிக்குப் பத்து அடிக் காம்பராவில் எந்த மூலையில் போய்க் கண்ணை மூடுவது? பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அப்படியாயின் தியானம் என்பது ஓய்வும் வசதியும் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய சொத்தா என்ற கேள்வி எழுகின்றது.

நம் சைவ சமயம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைக் கூறுகின்றது. இவற்றுள் சரியைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அப்பர் சுவாமிகள். கையில் உழவாரம் ஏந்தி, கோயில் வீதிகளில் முளைத்த புல்லைச் செதுக்கித் துப்புரவு செய்தவர் அவர். புல் செதுக்கிய அந்த நேரத்தில் அவர் மனம் வேறெங்கோ இருந்தது என்று நம்மால் நினைக்க முடியுமா? யோகம் என்பது மூன்றாவது படி என்று எண்ணி, முதற்படியில் நிற்கும்போது மனத்தை வீட்டிலே விட்டுவிட்டு வரலாம் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம் போலும்.

பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு அங்கங்களில் ஆறாவது தாரணை, ஏழாவது தியானம், எட்டாவது சமாதி. மனத்தை ஒன்றில் நிறுத்துவது தாரணை. அப்படி நிறுத்தியது அறுபடாமல் தொடர்வது தியானம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது விழும் ஒழுக்கைப் போல என்று பெரியோர் இதற்கு உவமை சொல்வர். இறப்பர் மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு எண்ணெயைவிடப் பால்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

என் தகப்பனார் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். பாடசாலை விடுமுறை நாட்களில் விடியற்காலை இருட்டோடு அவர் பின்னால் நானும் போவேன். வெயில் ஏறுவதற்கு முன், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மரம். இந்த மலரை வாசிக்கும் பலருக்கு அந்த வேலை தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கின்றேன். முன்பு வெட்டிய கோட்டுக்குச் சரி கீழே, இடமிருந்து வலமாகச் சாய்வாக, ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டிய அளவுக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் போதாது. ஆழமாகப் போனால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முடிச்சு முடிச்சாக வளரும், பின்னர் அந்த இடத்தில் ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவிலே நூல் அளவு இடந்தான் உண்டு. அதையும் அரை இருட்டில், சரிவில் ஒரு காலை ஊன்றி நின்று, அட்டை ஏறுகிறதா என்று பார்க்க நேரமில்லாமல் செய்ய வேண்டும்.

அப்பா ஒவ்வொரு மரத்தடிக்கும் வந்து, சிரட்டையைத் துடைத்து, கோட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தியை வைப்பதற்கு முன் ஒரு கணம் சும்மா நிற்பார். ஒரு மூச்சு விடும் நேரந்தான். சாமி கும்பிடுகிறாரா என்று ஒரு நாள் கேட்டேன். “இல்லடா, மரத்தப் பாக்குறேன்” என்றார். “300 மரத்தையும் நேத்துத்தானே பாத்தீங்க?” என்றேன். “நேத்து அடுத்த மலைடா. அப்படியே இந்த மரமா இருந்தாலும் முந்தாநாள் வெட்டினது அதோட போச்சு” என்றார். அவருக்கு யோகமும் தெரியாது, பதஞ்சலியும் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அவருடைய கோட்டிலிருந்து பால் ஒரே நூலாக இறங்கித் தகரத்தில் விழுந்து சிரட்டைக்குப் போகும். பக்கவாட்டில் வழிந்து வீணானதை நான் அதிகம் கண்டதில்லை.

அந்த மனிதரின் மகனாகிய நான் படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க உத்தியோகத்துக்குப் போனேன். இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் எங்கும் சொன்னதில்லை.

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி, புதன்கிழமை. உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின் அரையிறுதி ஆட்டம் கல்கத்தாவில் நடந்த நாள் அது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான ஆட்டம். அலுவலகத்தில் எவருக்கும் வேலை ஓடவில்லை. என் மேசையின் லாச்சிக்குள் சிறிய வானொலி ஒன்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைப் பதிவேட்டைப் பார்த்துக் கையால்தான் எழுதிக் கொடுப்போம். தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதற்காகத் தன்னுடைய பிரதியைக் கேட்டுக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் ஆட்டமிழந்த செய்தி காதில் விழுந்தபோது என் பேனா அவருடைய பெயரின் நடுவில் இருந்தது. ‘அம்மா’ என்று முடிய வேண்டிய பெயரை ‘ஆயி’ என்று முடித்துவிட்டேன். அன்று காலை எழுதிய வேறொருவருடைய பெயரின் முடிவு அது என்று நினைக்கின்றேன். ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. முத்திரை குத்தினேன். மேலதிகாரியும் பார்க்காமலே கையொப்பமிட்டார். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

2003ஆம் ஆண்டு அவர் மறுபடியும் வந்தார். 50 வயது முடிந்து ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். தோட்டத்துச் செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்குமாறு கடிதம் வந்திருந்தது. சான்றிதழை என் கையில் தந்தார். என் எழுத்து. நான் பார்த்தவுடன் கண்டுகொண்டேன். அவர் ஒன்றும் அறியாமல், “எழுத்து முத்து முத்தா இருக்குங்க ஐயா, அழியாம வச்சிருக்கேன்” என்றார்.

பெயரைத் திருத்துவது என்றால் சத்தியக் கடதாசி, தோட்டத்திலிருந்து ஒரு கடிதம், கிராம சேவகரிடமிருந்து ஒரு கடிதம், பிறகு மேலிடத்து அனுமதி. அந்தக் கோவையை நானே மேசைக்கு மேசை தூக்கிச் சென்றேன். அப்படியிருந்தும் ஒன்பது மாதம் ஆனது. அந்த அம்மா எட்டுத் தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாட்சம்பளம் போயிற்று, பஸ் காசு வேறு. பணம் கிடைத்த அன்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்து, என்னைத் தெய்வம் என்றார். பிழை என்னுடையது என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டேன். 2011இல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் இந்த மலரை வாசிக்கக்கூடும்.

நம் சனங்களுக்குப் பெயரும் கடதாசியும் என்ன பெறுமதி உடையவை என்பதை நான் அறியாதவன் அல்லன். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகப் பிரிக்கப்பட்டு, எஞ்சியவர்களுடைய காரியம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. மூன்று தலைமுறையாக ஒரு துண்டுக் கடதாசிக்காகக் காத்து நின்ற சமூகம் இது. அதே சமூகத்தில் பிறந்து, பேனா பிடிக்கும் இடத்துக்கு வந்த நான், அந்தக் கடதாசியைக் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு எழுதினேன்.

இதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். முதலில் என் மனம் அன்று ஒருமுகப்படவில்லை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அது சரியான கணக்கு அல்ல. அன்று என் மனம் மிக நன்றாக ஒருமுகப்பட்டிருந்தது. கிரிக்கெட்டில்! இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளை மண்ணைப் பிரம்புக் கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுகின்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்களைப் போல ஒருமுகப்பட்ட கண்களை எந்த ஆச்சிரமத்திலும் காண்பது கடினம். ஒரு சிறு நிறம் மின்னினால் போதும், கை நின்றுவிடும். அதுவும் தியானமா? ஜேப்படித் திருடனுக்கும் மனம் ஒருமுகப்படத்தானே வேண்டும்? ஆகவே ஒருமுகம் மட்டும் தியானம் ஆகிவிடாது. எதன் மேல், யாருக்காக என்பதும் அதில் சேர்ந்திருக்கின்றது. என் அப்பா மரத்தைப் பார்த்தது இந்த மரம் எனக்கு இன்றைக்கு எத்தனை கிலோ தரும் என்பதற்காக மட்டும் அல்ல. கிலோ வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மரத்துக்குக் காயம் படக்கூடாது என்பதும் அந்தப் பார்வைக்குள் இருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவை நான் பார்க்கவே இல்லை. இன்று அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் 2003ஆம் ஆண்டு முகந்தான் வருகின்றது. 1996ஆம் ஆண்டு முகம் என்னிடம் இல்லை.

பெரியவர்களுடைய வாழ்க்கையில் இதற்கு ஆதாரம் தேடினேன். தாயுமான சுவாமிகளைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசில் கணக்கு அலுவல் பார்த்த அவர், சபையில் முக்கியமான ஓர் ஓலையைத் தம்மை அறியாமல் கையால் கசக்கிவிட்டாராம். கேட்டபோது, திருவானைக்காவில் அம்பிகையின் ஆடையில் பற்றிய தீயை அணைத்தேன் என்றாராம். போய்ப் பார்த்தபோது அது உண்மையாயிருந்தது என்பர். மகான்களுக்கு அது பொருந்தும். எங்களைப் போன்ற எழுதுவினைஞர் ஒரு கோவையைக் கசக்கிவிட்டு அம்பாள் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும், போகவும் வேண்டும். நமக்குப் பொருந்துகின்ற உதாரணம் இரமண மகரிஷி. திருவண்ணாமலை ஆச்சிரமத்தில் விடிவதற்கு முன்னரே அடுக்களைக்குப் போய்க் காய்கறி நறுக்குவார் என்றும், தரையில் சிந்திக் கிடக்கும் தானிய மணியைக்கூட வீணாகவிடாமல் பொறுக்கி எடுப்பார் என்றும் அங்கிருந்தோர் எழுதியுள்ளனர். உலகமே தரிசனத்துக்கு வந்த ஒருவர், கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகப் பார்த்து நறுக்கியிருக்கின்றார்.

நம் நாட்டிலேயே யோகர் சுவாமிகள் இருந்தார். 1872இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து 1964இல் சமாதியடைந்த அவர், இளமையில் கிளிநொச்சி இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். ஆணி, மண்வெட்டி, சீமெந்து என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் வேலை. நல்லூரில் செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கண்ட பின்னரே அந்த உத்தியோகத்தை விட்டார். களஞ்சியப் புத்தகம் எழுதியவர் என்பதனாலேயே எனக்கு அவர்மீது தனியான ஒரு பிரியம். ‘சும்மா இருத்தல்’ என்பதைப் பற்றி அவர் அதிகம் வலியுறுத்துவார் என்பர். அது வேலை செய்யாமல் இருப்பது அல்ல. கை வேலை செய்யும்போது மனம் வீண் அலைச்சல் இன்றி இருப்பதே அது என்று நான் விளங்கிக்கொண்டிருக்கின்றேன். விளக்கம் பிழையாயின் பெரியோர் பொறுக்க வேண்டும்.

இது சைவத்துக்கு மட்டும் உரியது என்றும் நான் எண்ணவில்லை. என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் போயா தினங்களில் சில் எடுப்பவர். பௌத்தத்தில் இதனைச் ‘சதி’ என்று சொல்வதாகவும், நடப்பது, உண்பது, உடுப்பது, மலசலம் கழிப்பது வரை எல்லாவற்றையும் அறிந்து செய்யுமாறு புத்தர் போதித்திருப்பதாகவும் அவர் எனக்கு விளக்கினார். 1979ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்கும் இதனையொட்டிய பயிற்சி கொடுக்கத் தொடங்கி, இப்போது பல நாடுகளில் பரவியிருக்கின்றது. அங்கே மன அழுத்தம் குறைவதற்காகக் கற்பிக்கின்றனர். நல்லதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது என் அழுத்தம் குறைவதைப் பற்றி அல்ல.

இந்தக் கட்டுரையின் முதற் பிரதியை என் தங்கை மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள். வாசித்துவிட்டு, “மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா லயத்துக் கூரை ஒழுகுது, சம்பளம் காணாது. அந்த ஆளுங்ககிட்டப் போய் மனசை அடக்கு, வேலையைக் கவனமாச் செய்யின்னு சொன்னா துரைமாருக்குத்தான் சந்தோசம்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர 2021ஆம் ஆண்டு வரை எத்தனை வருடம் வீதியில் நிற்க வேண்டியிருந்தது என்பதை நாம் கண்டோம். பொறுத்துப் போவதைத் தியானம் என்று பெயர் சூட்டி உபதேசம் செய்தால் அது பாவம். ஆனால் கவனம் என்பது பொறுமை அல்லவே. கவனமாகப் பார்க்கிற கண்ணுக்குத் தராசும் தெரியும், சம்பளத் துண்டில் வெட்டிய காசும் தெரியும். என் அப்பா மரத்தைப் பார்த்த அதே கண்ணால்தான் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளையும் பார்ப்பார். ஒரு முறை நிறுவையில் பிழை கண்டு, சத்தம் போடாமல், மறுபடி நிறுக்கும் வரை வாளியைத் தூக்காமல் நின்றார். கோபத்தில் கத்தியவர்களைவிட அவருக்குத்தான் அன்று கணக்கு எழுதுகிறவர் பயந்தார்.

இன்னொன்றையும் அவள் கேள்வி எனக்குப் புரியவைத்தது. தியானம் செய்யுங்கள் என்று மலையில் நிற்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வெட்டுகிறவருக்கும் கொழுந்து எடுக்கிறவருக்கும் கவனம் பிசகினால் அன்றைக்கே கையிலோ சம்பளத்திலோ தெரிந்துவிடும். அவர்கள் கவனமாய்த்தான் இருக்கிறார்கள், களைத்தும் இருக்கிறார்கள். பேனா பிடிக்கிறவனுக்குத்தான் கவனம் பிசகினால் ஒன்றும் ஆவதில்லை. அவனுடைய பிசகு ஏழு வருடம் கழித்து வேறொருவருடைய வாழ்க்கையில் போய் முளைக்கும். ஆகவே கவுண்டரில் இருப்போர், பாடசாலையில் இருப்போர், மருந்து கொடுப்போர், தொழிற்சங்கக் காரியாலயத்தில் இருப்போர், எம்மைப் போன்ற ஆலயப் பரிபாலன சபையினர் ஆகியோருக்கே இந்தச் சாதனை அதிகம் தேவைப்படுகின்றது.

2003க்குப் பின் நான் கைக்கொண்டது பெரிய பயிற்சி ஒன்றும் அல்ல. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, மனத்துக்குள் ‘சிவ சிவ’ என்று சொல்லி, வந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். பெயரை அவர் வாயாலே சொல்லச் சொல்லிக் கேட்பேன். எழுதிய பின் திரும்ப வாசித்துக் காட்டுவேன். வரிசை மெதுவாக நகர்கிறது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு நாளில் நாற்பது பேர் வந்தால் இருபது பேரிடமாவது மறந்துபோகும். மறந்தது ஞாபகம் வந்தவுடன் மறுபடி தொடங்குவேன். மனம் ஓடுவதும் அதைத் திரும்ப அழைத்து வருவதுந்தான் இதில் உள்ள வேலை. ஓடாத மனத்தை நான் இன்னும் அடையவில்லை.

ஆலயத்திலும் அப்படித்தான். தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கைகூப்பி நிற்க, என் மனம் ஜெனரேற்றருக்கு டீசல் இருக்கிறதா, அன்னதானத்துக்கு அரிசி காணுமா, ஒலிபெருக்கிக்காரருக்கு மீதிப் பணம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கையில் தொலைபேசியோடு படம் பிடிக்கும் பிள்ளைகளை நான் ஏசுவதில்லை. ஏசுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. திருநீறு நெற்றியில் படும்போதுதான் பல நாட்களில் எனக்கு நினைவு திரும்புகின்றது.

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் இவ்வாண்டு உபயகாரர்களின் பெயர்ப் பட்டியல் உள்ளது. அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அதனை நானே எழுதினேன். இயன்றவரை ஒவ்வொருவரிடமும் அவரவர் வாயாலே பெயரைக் கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டினேன். கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் சில பிள்ளைகளின் பெயர்களை மட்டும் தொலைபேசியில்தான் கேட்க முடிந்தது. யாருடைய பெயரிலாவது ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பின் ஆலயக் காரியாலயத்தில் இருப்பேன்.